சிக்னல் குறையுது, போர்டு கூடுது

கோயமுத்தூரில் சிக்னல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்த நேரம் பார்த்துத்தான் நான் சிக்னல், சாலைப் பலகை பராமரிப்பு வேலைக்கு ட்ரெய்னியாகச் சேர்ந்திருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் எங்கள் அம்மாயி கேட்டது இதுதான்: "இருக்கறதையெல்லாம் நிறுத்திப்போட்டு ரவுண்டானா கட்டிட்டு இருக்கறாங்க. நீ போயி எதைக் கண்ணு ரிப்பேரு பண்ணுவ?"

அம்மாயி கேட்டதில் தப்பே இல்லை. வெளியூரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 வாக்கிலிருந்து மாநகரப் போலீசும் நெடுஞ்சாலைத் துறையும் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்திவிட்டார்கள். நேராகக் கடக்க முடியாதபடி நடுவே தடுப்பு வைத்து, கொஞ்ச தூரம் தள்ளிப்போய் யூ-டர்ன் அடித்து வரச் சொன்னார்கள். லட்சுமி மில்ஸ் சந்திப்பில் முன்பெல்லாம் சிவப்பு விழுந்தால் ஒரு தினத்தந்தி படித்து முடித்துவிடலாம். இப்போது அங்கே வண்டி நிற்பதில்லை. லாலி ரோட்டிலும் சுங்கத்திலும் ரவுண்டானா வந்துவிட்டது. பாலங்களைச் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறும். திருச்சி ரோட்டுப் பாலம் 2022-இல், உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில், அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்ட்வின்ஸில் இறக்கிவிடும் 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று. பத்து கிலோமீட்டருக்கு ஒரு சிவப்பு விளக்குகூடக் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அம்மாயிக்கான பதில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சிக்னலை நிறுத்தினால் அது செய்துகொண்டிருந்த வேலை மறைந்துவிடுவதில்லை. யார் முதலில் போவது, யார் நிற்பது, எங்கே திரும்புவது என்பதையெல்லாம் ரோட்டில் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். முன்பு விளக்கு சொன்னது. இப்போது அலுமினியப் பலகையும் ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடும் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் விளக்கு அணைந்தால் அஞ்சு நிமிஷத்தில் கன்ட்ரோல் ரூமுக்கு போன் வருகிறது. பலகை மங்கிப்போனால் அஞ்சு வருஷமானாலும் யாரும் கூப்பிடுவதில்லை. இந்தப் பதிவு முழுக்க இதைப் பற்றித்தான்.

டிப்ளமோ இ.இ.இ. முடித்தவன் நான். ஒப்பந்தம் எடுத்துப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். எனக்குக் கற்றுத்தருகிறவர் இந்தத் தொழிலிலேயே தலை நரைத்த டெக்னீசியன். எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. அவர் என்னை 'சாமி' என்று கூப்பிடுவார், கோபம் வந்தால் 'தம்பி'. 'தம்பி' என்று காதில் விழுந்தாலே நாங்கள் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்போம்.

முதலில் விளக்கு வேலையைச் சொல்லிவிடுகிறேன். சந்திப்பின் ஓரத்தில் நடைபாதையில் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி நிற்கும், பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் அதை மின்வாரியத்தின் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் கன்ட்ரோலர். கதவைத் திறந்தால் மேலே எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச், அதற்குக் கீழே எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை, நடுவே மூளையாக இருக்கும் கார்டு, அடியில் வரிசையாக டெர்மினல்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர். மழைக்கு முன்னால் திறந்தால் எறும்பு கூடு கட்டியிருக்கும். அடிக்கடி பல்லி இரண்டு டெர்மினலுக்கு நடுவே கருகிக் கிடக்கும். பெட்டிக்குள் வயர் நுழைகிற ஓட்டைகளைச் சரியாக அடைத்திருந்தால் இந்த ரிப்பேரில் பாதி வராது. ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அண்ணன் கொடுக்கும் முதல் வேலை, ஓட்டையைத் தேடி அடைப்பது.

அந்த கார்டுக்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு திசைக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்துவிட்டால், கன்ட்ரோலர் அந்த நொடியே தன் வேலையை நிறுத்திக்கொண்டு மஞ்சளைச் சிமிட்ட ஆரம்பித்துவிடும். 'பிளிங்கர்ல போயிருச்சு' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஒரு திசையில் சிவப்பு விளக்கு மொத்தமும் செத்துப்போனாலும் இப்படித்தான். விளக்குக்குப் போகும் கரன்ட்டை அளந்துகொண்டே இருக்கும். கரன்ட் இழுக்கவில்லையென்றால் விளக்கு எரியவில்லை என்று அதற்குத் தெரியும். பொதுமக்கள் பார்வையில் பிளிங்கர் என்றால் சிக்னல் ரிப்பேர். நிஜத்தில், தப்பான தகவலைச் சொல்வதைவிட ஒன்றும் சொல்லாமல் இருப்பதே மேல் என்று அந்தப் பெட்டி எடுத்த முடிவு அது.

நெரிசல் நேரத்தில் பிளிங்கருக்குப் போய்விட்டால் நாலா பக்கமும் ஹாரன். 'எப்படியாவது ஓட்டி விடுங்க' என்று வற்புறுத்தல் வரும். காவல் ஏற்பாட்டைத் தாண்டி நேரடியாக இணைத்துவிட்டால் விளக்கு எரியத்தான் செய்யும். அப்படி ஒரு நாள் அண்ணன் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டுச் சொன்னார்: "எது வேணும்னாலும் பண்ணு. இதை மட்டும் பைபாஸ் பண்ணாத. ரெண்டு பக்கமும் பச்சையைப் பாத்துட்டு வர்றவன் ரெண்டு பேருமே நம்பித்தான் வர்றான்."

அந்த நம்பிக்கைக்கு ஒரு கணக்கும் உண்டு. மஞ்சள் ஏன் மூன்று விநாடி எரிகிறது? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறார். மஞ்சளைப் பார்த்து மூளை காலுக்குச் சொல்ல ஒரு விநாடி. பிறகு பதறாமல் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 32 மீட்டர். ஆக 46 மீட்டருக்குள் வந்துவிட்டவரால் கோட்டுக்கு முன்னால் நிதானமாக நிற்க முடியாது. அவர் போய்த்தான் ஆகவேண்டும். அந்த 46 மீட்டரை அதே வேகத்தில் கடக்க மூன்று விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மஞ்சள் எரியும் நேரம் அவருக்காக ஒதுக்கியது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் சிவப்பாக ஓரிரு விநாடி விடுவோம். அது சந்திப்புக்குள் மாட்டிக்கொண்டவர் வெளியேற. இந்த இரண்டையும் குறைத்தால் பச்சையில் கூடுதலாகச் சில வண்டிகளை விடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. கேட்கவே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

எண் காட்டும் டைமரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருக்கிறார்கள். என் கருத்து: சிவப்பில் வேண்டாம். '3' என்று விழுந்ததுமே முன் வரிசை பைக்குகள் நகர ஆரம்பித்துவிடுகின்றன, எதிர்ப்பக்கத்தில் மஞ்சளில் புகுந்தவர் இன்னும் நடுவில் இருக்கும்போதே. வண்டி வரத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் நவீன சிக்னல்களில் டைமர் ஒத்தும் வராது. அடுத்த பச்சை எப்போது என்று அந்தப் பெட்டிக்கே முன்கூட்டித் தெரியாதபோது அது எப்படி எண்ணிக் காட்டும்?

வெயிலும் எங்களுக்கு வேலை வைக்கும். சாயங்காலம் அஞ்சரை மணிக்குத் திருச்சி ரோட்டில் ராமநாதபுரத்திலிருந்து சிங்காநல்லூர் பக்கம் கிழக்கே போய்ப் பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து நேராக விளக்கின் முகத்தில் அடிக்கும். மூன்று வட்டமும் எரிவது போலவே தெரியும். பழைய பல்பு விளக்குகளில் உள்ளே கண்ணாடி போன்ற கிண்ணம் இருந்ததால் இந்தத் தொல்லை அதிகம், எல்.இ.டி. வந்தபிறகு குறைந்திருக்கிறது, போகவில்லை. விளக்குக்கு மேல் இருக்கும் அந்தக் கறுப்புத் தொப்பி இதற்காகத்தான். காற்றில் அது கழன்று விழுந்தால் 'விளக்குதான் எரியுதே' என்று விட்டுவிடக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் எங்களுக்கு இந்தத் தொப்பிகளை வைத்தே நிறைய வேலை கொடுக்கிறது.

இனி பலகைகளுக்கு வருகிறேன். உள்ளபடி சொன்னால் எனக்கு விளக்கைவிடப் பலகை மேல்தான் மனசு.

பகலில் பார்த்தால் எல்லாப் பலகையும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் நாங்கள் சோதனைக்குப் போவது ராத்திரியில், பத்து மணிக்கு மேல். முதல் தடவை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பலகை முன்னால் நிறுத்தி, அண்ணன் என் கையில் டார்ச்சைக் கொடுத்தார். இடுப்புக்கு நேராக வைத்து அடித்தேன். பலகை சுமாராகத்தான் தெரிந்தது. "இப்ப அதைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு அடி சாமி" என்றார். அடித்தேன். மொத்தப் பலகையும் சட்டென்று பற்றிக்கொண்டது போல எரிந்தது. பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு அது அப்படித் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு மங்கல்தான். பலகை மேல் ஒட்டியிருக்கும் தாளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பட்டைகள் வெட்டியிருக்கிறார்கள். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்புவது அவற்றின் வேலை. கார்க்காரரின் ஹெட்லைட்டுக்கும் கண்ணுக்கும் தூரம் குறைவு என்பதால் அவருக்குப் பலகை எரிவது போலத் தெரிகிறது. கரன்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. பார்க்கிறவர் கொண்டுவந்த வெளிச்சத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களின் பையில் போலீசார் ஒட்டிவிடும் ஸ்டிக்கரும் இந்தச் சாதிதான். பொள்ளாச்சி ரோட்டில் ராத்திரி லாரி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், அந்தத் துண்டு ஸ்டிக்கரின் அருமையைச் சொல்வார்கள்.

இந்தத் தாளுக்கு ஆயுசு உண்டு. தூசி, டீசல் புகை, வெயில் மூன்றும் சேர்ந்து தின்றுவிடும். ராத்திரி டார்ச் அடித்தால் நடுவில் மட்டும் கறுப்பாகத் திட்டு தெரியும்; அந்த இடத்தில் பட்டை செத்துவிட்டது என்று அர்த்தம். கழுவுவதற்கும் முறை இருக்கிறது. தண்ணீரை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரில் மெத்தென்ற துணி. தின்னர் கூடவே கூடாது, தாளைச் சாப்பிட்டுவிடும். 'ஆட்கள் தேவை', 'டியூஷன்', 'உடனடிக் கடன்' என்று ஒட்டிவிட்டுப் போகும் நோட்டீஸைச் சுரண்டி எடுக்கக் கூடாது. ஈரத்துணி போர்த்தி ஊறவைத்து உரிக்கவேண்டும். ஒரு நோட்டீஸ் ஒட்ட ஒரு நிமிஷம். உரிக்க முக்கால் மணி நேரம். உரித்த பிறகும் அந்த இடம் பழையபடி ஒளிராது.

பலகையை நடுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 1934-லிருந்து சாலைகளுக்கு விதி எழுதிவருகிறது, பலகைகளுக்கானது ஐ.ஆர்.சி. 67. நடைபாதை ஓரத்தில் நடும்போது பலகையின் அடி விளிம்பு ஏறத்தாழ ஏழடி உயரத்தில் இருக்கவேண்டும், நடக்கிறவர் தலையில் இடிக்காதபடி. ரோட்டுக்கு நேர் செங்குத்தாக நிறுத்தாமல் வெளிப்பக்கம் அஞ்சு டிகிரி போலத் திருப்பவேண்டும். இல்லாவிட்டால் ஹெட்லைட் பட்டுக் கண் கூசி எழுத்தே தெரியாது. வடிவத்துக்கும் காரணம் உண்டு. நிற்கச் சொல்லும் பலகை மட்டும் எட்டு மூலை. வழிவிடச் சொல்வது மட்டும் தலைகீழ் முக்கோணம். அழுக்கு மூடியிருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், 'அந்தப் பக்கம் வருகிறவன் நிற்கவேண்டியவன்' என்று தெரியவேண்டும் என்பதற்காக அந்த இரண்டு வடிவத்தையும் வேறு எதற்கும் கொடுக்கவில்லை. 1968-இல் வியன்னாவில் பல நாடுகள் சேர்ந்து சாலைக் குறிகளுக்கு ஒரு உடன்படிக்கை போட்டன. இந்தியாவும் பிறகு அதில் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவருக்கும் நம்மூர்ப் பலகையின் வடிவம் புரிவது அதனால்தான்.

இப்போது ரவுண்டானாவுக்குத் திரும்புவோம். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்குத்தான் முதல் உரிமை, நுழைகிறவர் காத்திருக்கவேண்டும். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாதவருக்குச் சொல்லத்தான் அந்தத் தலைகீழ் முக்கோணம். சிக்னல் இருந்த காலத்தில் அது இல்லாவிட்டாலும் ஓடியது. இப்போது அந்த முக்கோணத்தை வேப்பங்கிளை மறைத்தால், ரவுண்டானாவின் விதியே காணாமல் போகிறது. யூ-டர்னும் அப்படித்தான். திரும்பும் இடத்துக்கு முன்னாலேயே, வலது ஓரத்துக்கு வரச் சொல்லும் பலகை கண்ணில் படவேண்டும். திறப்புக்குப் பக்கத்தில் வந்துதான் பலகை தெரிகிறது என்றால், இடது ஓரத்தில் போய்க்கொண்டிருந்த ஸ்கூட்டர் மூன்று தடத்தையும் குறுக்கே வெட்டி வரும். பாலம் ஏறும் இடத்தில் மேலேயா கீழேயா என்று தயங்கி நடு ரோட்டில் நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கு நாம் நேரத்தோடு சொல்லவில்லை.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வருவது ஃபிளெக்ஸ் பேனர்களை நினைத்தால். காது குத்து, பூப்பு நன்னீராட்டு, தலைவர் வருகை, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் கம்பு நடச் சிரமப்பட்டு எங்கள் கம்பத்திலேயே கட்டிவிடுகிறார்கள். 2017 நவம்பரில் அவிநாசி ரோட்டில் கோல்ட்வின்ஸ் பக்கம், விழாவுக்காக ரோட்டை மறித்து மர வளைவு கட்டிக்கொண்டிருந்த இடத்தில், பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் விபத்தில் இறந்துபோனார். அவரைக் கொன்றது யார் என்று ரோட்டிலேயே பெரிய எழுத்தில் யாரோ எழுதி வைத்தார்கள். நாடு முழுக்க அந்தப் படம் போனது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இன்றைக்கு இந்த வேலையில் இருந்துகொண்டு நினைத்தால், ரோட்டில் தற்காலிகமாக எதை வைத்தாலும் ராத்திரியில் தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பது எவ்வளவு சின்னச் செலவில் முடிகிற காரியம் என்றுதான் தோன்றுகிறது. நாலு கோன், ஒளிரும் பட்டை, முன்னாடியே ஒரு எச்சரிக்கைப் பலகை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாகின, 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் நாட்டிலேயே நாம்தான் முதல்.

எங்கள் பக்கத்து ஆபத்தையும் சொல்லவேண்டும். 1868-இல் லண்டனில் பார்லிமென்ட் பக்கத்தில் வைத்ததுதான் உலகின் முதல் சாலை சிக்னல் என்பார்கள். கேஸ் விளக்கு, கையால் திருப்புவது. ஒரு மாசம் போலத்தான் ஓடியது. 1869 ஜனவரியில் கேஸ் கசிந்து வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர் காயப்பட்டார். இப்போது கேஸுக்குப் பதில் கரன்ட். குழாய் பதிக்க யாரோ ரோட்டைத் தோண்டும்போது எங்கள் கேபிள் காயப்படும். மண் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மழையில் கம்பத்திலேயே கரன்ட் வரும். அதனால் எந்தக் கம்பத்தையும் டெஸ்டர் வைக்காமல் நாங்கள் தொடுவதில்லை. மழை நேரத்தில் நீங்களும் சிக்னல் கம்பத்தில் சாய்ந்து நிற்காதீர்கள், குழந்தைகளையும் பிடிக்க விடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குள் அரித்துக்கொண்டிருப்பது நடந்து போகிறவர்களின் விஷயம். சிக்னல் எடுத்ததால் வண்டிக்காரர்களுக்கு நேரம் மிச்சம்; அதை நான் மறுக்கவில்லை, நானும் பைக்கில்தான் போகிறேன். ஆனால் அந்தச் சிவப்பு நின்றுபோகும் வண்டிக்கு மட்டும் எரியவில்லை. அது எரிந்த நேரத்தில்தான் பஸ் இறங்கிய அம்மா எதிர்ப்பக்க ஆஸ்பத்திரிக்குக் கடந்து போனார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு தட ரோடு என்றால் வண்டி ஓடும் அகலம் மட்டும் 21 மீட்டர். விதிப்புத்தகம் நடப்பவருக்கு விநாடிக்கு 1.2 மீட்டர் வேகம் வைத்துக்கொள்கிறது. அப்படியானால் பதினேழரை விநாடி. முட்டிவலியோடு நடக்கும் எங்கள் அம்மாயி விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவருக்கு 26 விநாடி. வண்டி நிற்காமல் ஓடும் ரோட்டில் அந்த 26 விநாடியை அவருக்கு யார் கொடுப்பது? நடுவில் நின்று மூச்சு வாங்க அகலமான திட்டும், பட்டனை அழுத்தினால் வண்டியை நிறுத்தும் தனிச் சிக்னலும் இருந்தால் கொடுக்கலாம். நடைமேம்பாலம் கட்டிவிடலாம் என்கிறார்கள். படி ஏற முடிந்தவர்களுக்கு அது சரி.

அண்ணனிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தவர், "ஏனுங்க, கன்ட்ரோலரைக் கழட்டினாலும் கேபிளும் குழாயும் மண்ணுக்குள்ள அப்படியேதான் இருக்குது. நாளைக்கே நடக்கறவங்களுக்கு ஒரு லைட்டு வைங்கன்னாங்கன்னா நம்மால வெச்சுத் தர முடியும். கேக்கோணுமல்ல?" என்றார். சந்தேகமில்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னையே 'ஏனுங்க' என்பார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் ஏரியாப் பலகைகளை ஒரு சுற்றுக் கழுவி முடிக்கவேண்டும். மேட்டுப்பாளையம் ரோடு முடிந்தது, தடாகம் ரோடு பாதியில் நிற்கிறது. மர நிழல் அதிகம் உள்ள ரோடு. அழகுதான், ஆனால் கிளையை ஒதுக்க நாங்கள் பாட்டுக்கு அரிவாளை எடுக்க முடியாது, அனுமதி வாங்கவேண்டும். உங்கள் வீதி முனையில் கிளையோ கடை போர்டோ ஒரு பலகையை மறைத்திருந்தால், ராத்திரியில் வண்டி ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, பக்கத்துக் கடைப் பெயரோடு மாநகராட்சிக்கோ போக்குவரத்துப் போலீசுக்கோ அனுப்புங்கள். பகலில் எடுத்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும்.